பாலத்துக்கு அந்தப் பக்கம் செல்லாது

என் அம்மா டோரிஸ் ஆல்டிமோஸ் ஒரே வாக்கியத்தைத் தன் வாழ்நாளில் ஏறக்குறைய பதினைந்தாயிரம் முறை சொன்னாள். "இது பாலத்துக்கு அந்தப் பக்கம் செல்லாது."

ஆண்டுக்கு அறுநூறு பேர், இருபத்தாறு ஆண்டு. பெருக்கிப் பார்த்தது நான். அம்மா பெருக்கிப் பார்த்ததில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு டிக் மட்டும் போட்டாள்.

பென்சில்வேனியாவில் எங்கள் மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தின் உரிமச் சன்னல் அவளுடையது. கைத்துப்பாக்கியைச் சட்டைக்கு அடியில் மறைத்து எடுத்துப் போக விரும்புகிறவர் அங்கேதான் மனுக் கொடுக்க வேண்டும். அம்மா மனுவை வாங்குவாள். பழைய குற்றம், அடிதடி, நீதிமன்றத் தடை ஏதாவது உண்டா என்று மாநிலக் காவல்துறையிடம் கேட்பாள். படம் எடுப்பாள். அட்டையை அச்சடிப்பாள். கொடுப்பதற்கு முன் அதைச் சன்னல் விளிம்பில் ஒருமுறை தட்டுவாள். பிறகு அந்த வாக்கியம். பிறகு அட்டை கை மாறும்.

பாலம் என்றால் டெலவேர் ஆற்றுப் பாலம். நடந்தால் ஏழு நிமிடம். அந்தக் கரை நியூ ஜெர்சி. இந்தக் கரையில் அட்டை வைத்திருப்பவர் ஒழுங்கான குடிமகன். அந்தக் கரையில் அதே அட்டை, அதே துப்பாக்கி, அதே ஆள் என்றால் அப்போது குறைந்தது மூன்றரை ஆண்டு சிறை. இது இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மறப்பார்கள். ஏனென்றால் அந்தக் கரையில் பெட்ரோல் மலிவு, ஊற்றிவிட ஆளும் உண்டு. டாங்க் காலியானதும் கார் தானாகப் பாலத்தில் ஏறிவிடும்.

"தெரியும் டோரிஸ், போன தடவையும் சொன்னே," என்பார் யாராவது.

"போன தடவை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. அப்ப உனக்குத் தலையில முடி இருந்துச்சு. இப்பவும் சொல்றேன், கேட்டுக்கோ."

நீதிமன்றக் கட்டடத்தில்தான் ஷெரிஃப் அலுவலகம். உள்ளே துப்பாக்கி கூடாது. வாசலில் பதினாறு சின்ன லாக்கர்கள் இருந்தன. உரிமம் புதுப்பிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் இடுப்பில் துப்பாக்கியோடு வந்து, வாசலில் காவலர் கேட்டதும் விழிப்பார்கள். மூக்கில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி தேடுவதைப் போலத்தான். தினமும் சுமக்கிற பொருள் உடம்போடு சேர்ந்துவிடுகிறது. அம்மாவுக்கு இது தெரியும். அவளும் ஒரு ரிவால்வர் வைத்திருந்தாள். குறி தவறமாட்டாள். அவள் பிறந்தது ஜெர்சிக் கரையில். அவளுடைய பெற்றோரின் கல்லறை அங்கேதான். மாதம் ஒருமுறை பூ வைக்கப் போவாள். கிளம்பும் முன் ரிவால்வரைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, கைப்பையைச் சமையல் மேசையில் தலைகீழாகக் கொட்டிப் பார்ப்பாள். உதட்டுச் சாயம், சாவி, புதினா மிட்டாய். திரும்ப அள்ளிப் போட்டுக்கொண்டு புறப்படுவாள். ஒவ்வொரு மாதமும் கொட்டினாள்.

சன்னலுக்குப் பின்னால் சுவரில் நாட்டு வரைபடம் ஒன்று. நம் அட்டையை ஏற்கிற மாநிலங்களுக்குப் பச்சை, ஏற்காதவற்றுக்குச் சிவப்பு. ஓஹையோ பச்சை. மேற்கு வர்ஜீனியா பச்சை. நியூ யார்க், மேரிலாந்து, ஜெர்சி சிவப்பு. சட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும். நான் பள்ளியில் பயன்படுத்தி மிச்சம் வைத்த வண்ணக் குச்சிகளால் அம்மா திருத்திக்கொண்டே இருப்பாள். சில மாநிலங்கள் இரண்டு மூன்று முறை நிறம் மாறி மண் நிறமாகிவிட்டன.

மேசைக்குள் ஒரு நோட்டு. அலுவலகத்தின் பதிவேடு அல்ல. கடையில் தானே வாங்கியது. பெயர் இருக்காது. உரிமம் வைத்திருப்பவர் பெயரை வெளியே விடுவது எங்கள் மாநிலத்தில் குற்றம். அட்டை எண், தேதி, ஒரு டிக். டிக் என்றால் பாலத்தைப் பற்றிச் சொல்லியாயிற்று என்று பொருள். யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை.

எதற்கு இது என்று ஒருமுறை கேட்டேன்.

"சாயங்காலம் புரட்டிப் பாக்கத்தான். டிக் இல்லாத ஆளுக்குப் போன் பண்ணுவேன்."

"பேப்பர்ல அச்சடிச்சுக் கொடுத்துடலாமே."

"பேப்பர் குப்பைத் தொட்டிக்குப் போகும். என் மூஞ்சி மனசுல நிக்கும்."

நின்றது உண்மைதான். கடையில் அவளைப் பார்த்தாலே ஆட்கள் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன், டிசம்பரில், ஒரு காலை அம்மா செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். காப்பி ஆறிவிட்டது. நான் வார இறுதிக்கு வந்திருந்தேன்.

செய்தி நான்கு வரி. ஜனெல் ஃப்ரெட்ஸ், இருபத்தெட்டு வயது, வீடு வீடாகப் போகும் செவிலி, எங்கள் மாவட்டம். பெட்ரோல் போடப் பாலம் கடந்திருக்கிறாள். பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியிருக்கிறது. 'சார், என்கிட்ட துப்பாக்கி இருக்கு, இதோ உரிமம்' என்று தானாகவே அட்டையை நீட்டியிருக்கிறாள். எங்கள் பக்கம் அது மரியாதை. அங்கே அது வாக்குமூலம். கைது. தண்டனை உறுதியானால் சிறை, செவிலி வேலை போகும், ஐந்து வயதுப் பெண் குழந்தை யாரிடமோ போகும்.

"இந்தப் பொண்ணுக்கு நான் சொல்லல," என்றாள் அம்மா.

"எப்படி இவ்வளவு உறுதியா சொல்றே?"

"டிக் இல்ல."

திங்கட்கிழமை மதியம் நோட்டை ஷெரிஃப் ஹார்லன் பிஸ்பிங்கிடம் கொண்டு போனாள். பிஸ்பிங் பெரிய உடம்பு, நல்ல மனிதர், தேர்தலைத் தவிர எதற்கும் பயப்படாதவர். அவர் பேசியதை அம்மா அன்று மாலை எனக்குத் தொலைபேசியில் அப்படியே நடித்துக் காட்டினாள்.

"டோரிஸ், இதைச் சொல்றது உன் வேலையா?"

"இல்ல."

"சட்டத்துல இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் சொல்லாம விட்டது எப்படித் தப்பாகும்? நீ அங்க போய் வாயைத் திறந்தா, நாளைக்குப் பாலத்துல மாட்டுற ஒவ்வொரு மடையனும் ஷெரிஃப் ஆபீஸ் எனக்குச் சொல்லலன்னு வழக்குப் போடுவான். பேர் எல்லாம் வெளிய போனா நீயே உள்ள போவே."

"பேர் கிடையாது. நம்பர்தான். நோட்டு என்னுது, என் காசு."

"அந்தச் சன்னல்ல உக்காந்திருக்கணும்னு ஆசை இருந்தா போகாதே."

"வெள்ளிக்கிழமை லீவு வேணும் ஹார்லன். சொந்த வேலை."

வெள்ளிக்கிழமை நான்தான் காரோட்டினேன். பாலத்துக்கு முன் அம்மா நிறுத்தச் சொன்னாள். கைப்பையை மடியில் கொட்டினாள். உதட்டுச் சாயம், சாவி, மிட்டாய், நோட்டு.

"வீட்லயே பாத்துட்டுத்தானேமா வந்தோம்?"

"ஓட்டு."

அந்தக் கரையின் அரசு வழக்கறிஞர் பெயர் ரூஜீரோ. ஒல்லியானவர். மேசையில் கோப்புகள், பாதி தின்ற சாண்ட்விச். ஜனெலும் அவளுக்காக வாதாடும் பெண் வழக்கறிஞரும் ஒரு பக்கம். ஜனெல் வேலை உடுப்பிலேயே வந்திருந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தாள். நான் சுவரோரம் உட்கார்ந்தேன்.

முடிவு ரூஜீரோ கையில். உண்மையிலேயே அறியாமல் செய்தாள் என்று அவர் நம்பினால், சிறை இல்லாமல் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்து வழக்கை முடித்துவிடலாம். நம்பாவிட்டால் மூன்றரை ஆண்டு.

"சட்டம் தெரியாதுங்கிறது ஒரு காரணமே இல்லைம்மா," என்று தொடங்கினார்.

"தெரியும் சார். அதனாலதான் பத்தொன்பது வருஷமா எல்லாருக்கும் சொல்லிட்டிருக்கேன்."

"இவங்களுக்குச் சொல்லலையா?"

"சொல்லல."

"ஏன்?"

"நவம்பர் பத்தொன்பது, பதினொண்ணு இருபது. மான் வேட்டை ஆரம்பிக்கப் போற சமயம், வரிசை வாசல் வரைக்கும் நின்னுச்சு. இந்தப் பொண்ணோட அட்டையை எடுத்துத் தட்டப் போனேன். போன் அடிச்சுது."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

"என் பையன் பேசினான். எஞ்சினியர் லைசென்ஸ் பரீட்சை பாஸாயிட்டேன்னான். ரெண்டு தடவை கோட்டை விட்டவன். நான் எழுந்து நின்னு வரிசைக்கே சொல்லிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. இந்தப் பொண்ணும் தட்டினா. அட்டையைக் கொடுத்துட்டேன். பாலத்தைச் சொல்லல."

நான் அழைத்தது நினைவிருந்தது. கைதட்டல் கேட்டதும் நினைவிருந்தது. மற்றது அன்றுதான் தெரிந்தது.

"சாயங்காலம் நோட்டைப் பாத்தேன். டிக் இல்ல. மறுநாள் கூப்பிடலாம்னு நினைச்சேன். மறுநாள் கூட்டம். அடுத்த நாளும் கூட்டம். கூப்பிடல."

ரூஜீரோ நோட்டை வாங்கிப் புரட்டினார். பக்கம் பக்கமாக நீல மை டிக்குகள். நவம்பர் பத்தொன்பதில் ஒரு வெற்றிடம்.

"பேனாவால போட்டிருக்கீங்க."

"பென்சிலை அழிக்கலாம் சார்."

"புதுசா ஒரு நோட்டே எழுதிட்டு வந்திருக்கலாமே."

"எழுதலாம். பத்தொன்பது வருஷ நோட்டு கார் டிக்கியில இருக்கு. எது வேணும்னு சொல்லுங்க. என் பையன் தூக்கிட்டு வருவான், படிச்சவன்தான், ஆனா முதுகு நல்லா இருக்கு."

ரூஜீரோ சிரிக்கவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து மூன்று பழைய கோப்புகளை எடுத்து வந்தார். எங்கள் மாவட்ட அட்டையோடு இதே பாலத்தில் முன்பு பிடிபட்டவர்கள். வழக்குகள் முடிந்தவை. அவர் எண்ணையும் தேதியையும் சொல்லச் சொல்ல நான் காருக்குப் போய் நோட்டுகளைக் கொண்டு வந்தேன்.

முதல் எண். டிக் இருந்தது. கோப்பில் அந்த ஆள் போலீஸிடம் சொன்னதை ரூஜீரோ படித்தார்: 'சன்னல்ல இருந்த அம்மா சொன்னாங்க, நான்தான் மறந்துட்டேன்.'

இரண்டாவது எண். டிக். கோப்பில்: 'அந்தம்மா சொன்னது நிஜம். சும்மா பயமுறுத்துதுன்னு நினைச்சேன்.'

மூன்றாவது எண். டிக்.

ரூஜீரோ நிமிர்ந்து பார்த்தார். "இந்த ஆள் தனக்கு யாரும் சொல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கார்."

"பொய்."

"அவ்வளவு உறுதியாவா?"

"பேர் சொல்ல மாட்டேன், சட்டம். பெரிய மீசை. நான் சொல்லும்போது உப்பு பிரெட்சல் ரொட்டி தின்னுட்டிருந்தார். 'டோரிஸ், ஜெர்சிக்குப் போக எனக்கென்ன பைத்தியமா'ன்னார். சன்னல் பூரா உப்பு. நான்தான் துடைச்சேன். அவருக்காக நான் இங்க வரமாட்டேன் சார். நான் சொல்லாத பொண்ணுக்காக வந்திருக்கேன்."

ரூஜீரோ கோப்பில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். மீசை இருந்திருக்க வேண்டும். கோப்பை மூடினார்.

நான் பாலங்களைச் சோதிக்கிற பொறியாளன். எல்லா வரியிலும் 'சரி' என்று எழுதிய அறிக்கையை நான் நம்புவதில்லை. எங்கே விரிசல் என்று எழுதியிருந்தால்தான், ஆள் உண்மையில் ஏணி ஏறிப் பார்த்திருக்கிறார் என்று தெரியும். அன்று அந்த அறையில் ரூஜீரோ பார்த்தது அதைத்தான். நோட்டில் இருந்த டிக்குகளெல்லாம் சேர்ந்து ஒரு வெற்றிடத்துக்குச் சாட்சி சொல்லின.

"கையெழுத்துப் போட்டு எழுதித் தருவீங்களா? என் தவறுன்னு?"

"அதுக்குத்தான் மூக்குக் கண்ணாடி கொண்டு வந்தேன்."

எழுதினாள். ஒன்றரைப் பக்கம். வெளியே வரும்போது ஜனெல் தாழ்வாரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உங்களைத் திட்டணும்னுதான் வந்தேன்மா."

"திட்டு. நேரம் இருக்கு."

ஜனெல் திட்டவில்லை. அழுதாள். அம்மா கைப்பையிலிருந்து புதினா மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். "முதல்ல பின்விளக்கை மாத்து," என்றாள்.

திரும்பும்போது பாலத்தில் சுங்கம் கட்டினோம். அங்கே போக இலவசம், வெளியே வரத்தான் கட்டணம். ஜெர்சியை விட்டுத் தப்பிக்கத்தான் காசு என்று அம்மா எப்போதும் சொல்லும் நகைச்சுவை ஒன்று உண்டு. அன்று சொல்லவில்லை.

"போன் பண்ணினது நான்னு ஏன்மா சொல்லவே இல்ல?"

"நீ பாஸானது நல்ல விஷயம். அதுல இதைக் கலக்க வேண்டாம்னு நினைச்சேன்." கொஞ்சம் கழித்து, "மறுபடியும் அந்த போன் வந்தாலும் எழுந்து நின்னுதான் சொல்லியிருப்பேன். அட்டையைக் கொடுக்காம கையில வெச்சுக்கிட்டுச் சொல்லியிருப்பேன்."

ஜனெலுக்குச் சிறை இல்லை என்று பிப்ரவரியில் கடிதம் வந்தது. அதே வாரம் பிஸ்பிங் அம்மாவைச் சன்னலிலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார். ஏலத்துக்கு வரும் வீடுகளின் பட்டியலைத் தட்டச்சு செய்யும் வேலை. சன்னல் இல்லாத அறை. கொதிகலனின் சத்தம். அம்மா புகார் சொல்லவில்லை. வரைபடத்தையும் வண்ணக் குச்சிகளையும் கீழே கொண்டு போய் மாட்டிக்கொண்டாள். சன்னலில் அவளைக் காணாமல் தேடிக்கொண்டு யாராவது இறங்கி வந்து ஏதாவது மாநிலத்தைப் பற்றிக் கேட்பார்கள். சொல்லுவாள்.

மேலே புதிதாக உட்கார்ந்தவர் நல்ல பையன், வேகமானவர். அட்டையைக் கொடுப்பார், நல்ல நாள் வாழ்த்துவார். ஏழு மாதத்தில் எங்கள் மாவட்டத்து ஆட்கள் மூவர் பாலத்தில் மாட்டினார்கள். மூன்றாமவர் பிஸ்பிங்கின் மைத்துனர்.

பிஸ்பிங் கொதிகலன் அறைக்கு இறங்கி வந்தார். அம்மாவுக்கு அந்தக் காட்சி மிகப் பிடிக்கும். பல விருந்துகளில் சொல்லியிருக்கிறாள். குனிந்து வந்தும் தலையைக் குழாயில் இடித்துக்கொண்டாராம்.

"மேல வா டோரிஸ்."

"இந்தப் பட்டியல் முடியல."

"டோரிஸ்."

"சொல்லுங்க ஷெரிஃப்."

"என் பொண்டாட்டி ராத்திரி என்னைச் சோஃபாவுல படுக்க வெச்சிருக்கா. மேல வா."

போனாள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள். ஜனெல் கண்காணிப்பு முடித்து ஆண்டுகள் கழித்து வேலைக்காக மறுபடி உரிமம் கேட்டு வந்தபோது, அம்மா அட்டையை மூன்று முறை தட்டினாளாம். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த வாக்கியத்தைச் சொன்னார்களாம். அம்மா கையைக் காட்டி அவர்களை அடக்கிவிட்டு, தானே ஒருமுறை தனியாகச் சொன்னாள். டிக் போட்டாள்.

இந்த ஏப்ரலில் அம்மா இறந்தாள். எழுபத்து நான்கு. இதயம். காலையில், காப்பி போட்டபடி. பெற்றோரின் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாள். அதாவது பாலத்துக்கு அந்தப் பக்கம்.

தேவாலயம் நீதிமன்றத்துக்கு அடுத்த கட்டடம். வழிபாடு முடிந்து சவப்பெட்டியை வண்டியில் ஏற்றினோம். பின்னால் கார்கள் நிற்க வேண்டும். ஆனால் ஆட்கள் கார்களில் ஏறவில்லை. கறுப்பு உடையில் நீதிமன்ற வாசலை நோக்கி நடந்தார்கள். என்ன என்று பார்க்கப் போனேன்.

சனிக்கிழமை. கட்டடம் மூடியிருக்க வேண்டும். வாசல் திறந்திருந்தது. பிஸ்பிங் லாக்கர் சாவிகளை ஒரு வளையத்தில் கோத்துக்கொண்டு நின்றார். எண்பது வயது, ஊன்றுகோல். இப்போதைய ஷெரிஃபிடம் கேட்டுத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் ஜனெல், அவளுடைய பதினாறு வயது மகள். ஜனெல் வரிசையில் வருகிற ஒவ்வொருவரையும் கேட்டாள்.

"இடுப்புல? கைப்பையில? காருல?"

"வீட்லயே வெச்சுட்டுத்தான் வந்தேன்."

"தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார்கள். பலர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். சிலர் அசட்டுச் சிரிப்போடு கோட்டைத் திறந்தார்கள். ஒரு முதியவர் கணுக்காலிலிருந்து ஒன்றை எடுத்தார். பெரிய மீசைக்காரர் ஒருவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் லாக்கரில் வைத்துவிட்டுப் போனார். பதினைந்து லாக்கர் நிரம்பின.

கடைசியில் பிஸ்பிங் தன் கோட்டுக்குள் கைவிட்டார்.

"உங்களுக்குத் தேவையில்லையே," என்றேன். "ஓய்வு பெற்ற போலீஸ் எந்த மாநிலத்துலயும் வெச்சுக்கலாம். மத்தியச் சட்டம்."

"எனக்கே சட்டம் சொல்றியா? அம்மா மாதிரியே இருக்கே." பதினாறாவது லாக்கரைத் திறந்தார். "மத்தியச் சட்டம் எனக்குத் தெரியும். டோரிஸுக்கும் தெரியும். ஆனா முறைப்பா."

வைத்தார். பூட்டினார்.

நான் என் காரில் ஏறும் முன், கையோடு கொண்டு வந்திருந்த அம்மாவின் கைப்பையை இருக்கையில் கொட்டிப் பார்த்தேன். உதட்டுச் சாயம், சாவி, மிட்டாய். அள்ளிப் போட்டேன்.

நாற்பத்து மூன்று கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பாலத்தில் ஏறின. அந்தப் பாலத்தின் எடை அளவு எனக்குத் தெரியும். இணைப்புகள் தெரியும். எதிர்க்கரையில் ஜெர்சிப் போலீஸ்காரர் ஒருவர் போக்குவரத்தை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி எங்களுக்கு வழி விட்டார். நாற்பத்து மூன்று கார்களும் அவரைக் கடந்து போயின. ஒன்றில்கூட அவர் பிடிக்கும்படியாக எதுவும் இல்லை.